வேலையில்லாத தமிழ்: ப.சிங்காரத்தின் மெடான் பற்றி ஒரு குறிப்பு

ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' பற்றி யார் எழுதினாலும் ரெண்டு விஷயம் தவறாமல் வரும். தமிழ் நாவல் அதுவரை போகாத இடங்களுக்கெல்லாம் அது போனது, மெடான், பினாங்கு, யுத்தம், கடல் என்று எவ்வளவு பெரிய வெளி, என்பது ஒன்று. தமிழ்ப் பெருமையை அது போட்டுக் கிழிக்கிற கிழி இன்னொன்று. ரெண்டும் சரி. ஆனால் முதலாவதைப் பேசுகிறவர்கள் ரெண்டாவதை ஆசிரியரின் குறும்பு என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். ரெண்டாவதைப் பேசுகிறவர்களுக்கோ மெடானும் பினாங்கும் வெறும் பின்திரை. பாண்டியனும் மாணிக்கமும் மதுரையில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் பேசியிருப்பார்கள் என்கிற மாதிரி. பேசியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஏன்னு சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். 1920ல் பிறந்தவர். மதுரை செயின்ட் மேரீஸ் பள்ளியில் படித்தார். 1938ல், பதினெட்டு வயசில், மெடானில் ஊர்க்காரர் ஒருவர் நடத்திய வட்டிக்கடைக்கு வேலைக்குப் போனார். சிங்கம்புணரியிலும் மதுரையிலும் இருந்த பையனுக்கு மலாய் தெரிந்திருக்க வழியில்லை. டச்சுக்கு அதுவும் இல்லை. 1946ல் ஊர் திரும்பினார். நாவல் தொடங்குவதோ 1942 மார்ச்சில், ஜப்பான் படை மெடானுக்குள் நுழைகிற நேரத்தில். அப்போதே பாண்டியனுக்கு ஊர் அத்துப்படி. எந்தத் தெருவில் யார் கடை, யாரிடம் எந்த மொழியில் பேச வேண்டும் என்பதெல்லாம் பழகிவிட்டது. அந்த நடு நாலு வருஷம், கப்பலை விட்டு இறங்கிய ஒரு பையன் காது கேட்டும் செவிடனாக, வாயிருந்தும் ஊமையாக நின்ற நாட்கள், நாவலில் எங்கும் விரிவாக வருவதில்லை. பழைய நினைவு என்று பாண்டியன் திரும்பிப் போகும்போதெல்லாம் சின்னமங்கலத்துக்கும் மதுரைக்கும்தான் போகிறான்.

இந்த இடைவெளியை நான் முதலில் குறையாகத்தான் பார்த்தேன். இப்போது அதைக் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன். அதற்கு அந்தக் காலத்து வட்டிக்கடைப் பையன் எப்படி வாழ்ந்தான் என்று தெரிய வேண்டும்.

கிட்டங்கி என்பது நீளமான ஒரு கூடம். சுவரோரமாக வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடை, ஒரு மார்க்கா. பெட்டிக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது, ராத்திரி அதே இடத்தில் படுப்பது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள் என்று அடுக்கு. எல்லாரும் ஆண்கள், பெண்டுபிள்ளை ஊரில். மூன்று வருஷத் தவணை முடிந்தால் கப்பலேறி ஊருக்கு வந்து, கணக்கு ஒப்படைத்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டு மறுபடியும் போவது. சாப்பாடு ஊர்ச் சாப்பாடு. பேரேடு தமிழில், ஐந்தொகை தமிழில், நடப்பு வட்டி கணக்கும் தமிழில். ஆளுக்குப் பெயர்கூட எழுத்துதான்: ஆவன்னா, வானாயீனா என்று விலாசத்தின் முதலெழுத்துகளே மனிதனாக நடமாடும். சுத்தி ஹாக்கியன் சீனமும் மலாயும் ஜாவாப் பேச்சும் பத்தாக்குப் பேச்சும் டச்சும் கலந்து கிடக்கிற ஒரு தோட்டத்துப் பட்டணத்தின் நடுவில் ஒருத்தன் முப்பது வருஷம் இப்படி இருந்துவிட்டு, அந்த ஊர் மொழியில் ஒரு தாலாட்டோ ஒரு வசவோ தெரியாமல் திரும்பிவிட முடியும். இதற்காகவே கட்டிய அமைப்பு அது.

அப்போ மலாய்? வேணும்தான், கடன் வாங்குகிறவன் தமிழனில்லையே. ஆனால் வேண்டியது கடைத்தெரு மலாய். வினைச்சொல் காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறாது. நடந்து முடிந்ததற்கு முன்னால் 'சூடா' என்று போட்டால் போதும், இன்னும் நடக்காததற்கு 'பெலும்'. 'ஹூத்தாங்' என்றால் கடன். 'பாயார்', கட்டு. 'பெசோக்', நாளை, வட்டிக்கடைக்காரன் காதில் அதிகம் விழுந்த சொல் இதுவாகத்தான் இருக்கும். வட்டிக்கு மலாயில் 'பூங்ஙா'. அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் பூ. பூவை மலாயில் எப்படிச் சொல்வது என்று தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே நம்ம பையன் வட்டியைத் தெரிந்துகொண்டிருப்பான். பாதிச் சாமான் பெயர் முன்னாடியே பழக்கம் வேறு: கடை 'கெடாய்', பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்', கப்பல் 'காப்பால்'. நம்மூர்க்காரர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்த சொற்கள். ஆறு மாதத்தில் தொழில் நடத்துகிற அளவுக்கு மலாய் வந்துவிடும். அதுக்கு மேலே வராது, வரத் தேவையும் இல்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மொழி தெரியாமல் ஒரு ஊரில் குடியேறுவது பற்றிப் பேசும்போது நாம் மொழி 'தெரியும்', 'தெரியாது' என்று ரெண்டாக வெட்டிவிடுகிறோம். கிட்டங்கிக்காரனுக்கு மொழி தெரியும். அந்த மொழியில் அவனுக்கு ஊரிடம் பேச ஒன்றும் கிடையாது, அவ்வளவுதான்.

மதுரைக்கு வந்தவர்கள் விஷயத்திலும் இதே பிரிவினையைப் பார்க்கலாம். 1606ல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது, இங்கே ஏற்கனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் 1595லிருந்து இருந்தார். வியாபாரத்துக்காகக் கடற்கரையிலிருந்து வந்து போகிற பரவர்களுக்கும், இங்கே இருந்த சில போர்த்துக்கீசியருக்கும் அவர் குரு. பள்ளிக்கூடம் வைத்திருந்தார், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். மதுரைக்காரர்களில் ஒருத்தரையும் அவரால் மதம் மாற்ற முடியவில்லை. இதை வைத்து அவருக்கு ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது அநியாயம். 1616ல் பிராமணச் சடங்குகளைப் பற்றிப் போர்த்துக்கீசில் அவர் எழுதிய பெரிய நூல் இருக்கிறது. கண்ணால் பார்த்து, கேட்டுக் குறித்தவர் எழுதுகிற மாதிரி நுணுக்கம். ஆனால் அது ஊரைப் பற்றித் தன் ஆட்களிடம் பேசிய பேச்சு. நொபிலி தனி வீடு பார்த்துப் போய், காவி கட்டி, மரக்கறி உணவுக்கு மாறி, தமிழ் கற்று, சிவதர்மரிடம் சமஸ்கிருதமும் படித்து, ஊரிடமே பேசினார். அந்தத் தனிக் குடித்தனத்தைத்தான் பெர்னாண்டஸ் 1610ல் மேலிடத்துக்குப் புகாராக எழுதினார். (நொபிலி யாரிடம் பேசினார், யாரைத் தன் வாசல் பக்கம் சேர்க்கவில்லை என்பது பெரிய கதை, ஜாதியின் கதை, இங்கே விட்டுவிடுகிறேன்.) சௌராஷ்டிரர்கள் இன்னொரு விதம். நூற்றாண்டுகளாக வீட்டில் ஒரு பாஷை, தறியும் வியாபாரமும் நடக்கிற தெருவில் ஒரு பாஷை. மகால் பக்கம் நடந்தால் இன்றைக்கும் ரெண்டும் காதில் விழும். சிங்காரம் பள்ளிப்பிள்ளையாகச் சுற்றிய மதுரை இது. ஒரு ஊருக்கு ஒரு மொழி என்ற எண்ணத்தோடு அவர் கப்பலேறியிருக்க முடியாது.

சரி, நாவலுக்கு வருவோம். கிட்டங்கிக்கு உள்ளே இருப்பவன், வெளியே போய்விட்டவன் என்கிற பிரிவுதான் சிங்காரத்தின் ரெண்டு நாவல்களுக்கும் அச்சாணி. 1959ல் வந்த 'கடலுக்கு அப்பால்' இதை நேராகவே வைக்கிறது. செல்லையா கெட்டிக்காரப் பையன். வயிரமுத்துப் பிள்ளை முதலில் தன் மகள் மரகதத்தை அவனுக்குத்தான் கொடுப்பதாக இருந்தார். யுத்தம் வந்தது, அவன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தான், திரும்பி வந்தான். இனி இவன் லேவாதேவிக்கு ஆகமாட்டான் என்று பிள்ளை முடிவு பண்ணிவிடுகிறார். பையன் ஒழுக்கம் கெட்டான் என்று அவர் நினைக்கவில்லை. பாயில் உட்கார்ந்து பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய கண் வெளியே பார்த்துவிட்டது, இனி அது உள்ளே நிற்காது என்பதுதான் அவருடைய கணக்கு. தொழில் தெரிந்தவரின் கணக்கு அது. தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. அந்தப் பழைய கதைப்போக்கை, காதலும் தகப்பன் மறுப்பும் கொண்ட ஒன்றை, இன்றும் படிக்க வைப்பது பிள்ளையின் இந்தக் கணக்குதான்.

'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியன் செல்லையாவைவிட ரொம்ப தூரம் வெளியே போனவன். அவனிடம் இருப்பது கணக்கு மலாய் இல்லை. ஊரோடு பேசுகிற மலாய். சிங்காரம் இதை எப்படிக் காட்டுகிறார் என்று பார்க்க வேண்டும். தமிழர்கள் தங்களுக்குள் பேசும்போது பேச்சுத் தமிழ்; செட்டிநாட்டு, ராமநாதபுரத்துக் கொச்சை அப்படியே வருகிறது. பாண்டியன் அன்னியரோடு பேசும் இடங்களில் பெரும்பாலும் நிதானமான எழுத்துத் தமிழ், நடுவில் ஒரு மலாய் விளி, ஒரு டச்சுச் சொல். வேற்று மொழிப் பேச்சுக்கு எழுத்துத் தமிழை மாற்றாக வைப்பது பழைய மொழிபெயர்ப்பு வழக்கம்தான், புதிதில்லை. ஆனால் இங்கே அதற்கு ஒரு விளைவு உண்டு. கடைத்தெரு மலாய் எல்லாருக்கும் ரெண்டாம் மொழி. சீனனுக்கும் தமிழனுக்கும் டச்சுக்காரனுக்கும் ஒரே அளவு அரைகுறை. அந்த அரைகுறை சமத்துவத்தைச் சிங்காரம் முழுமையான சமத்துவமாகத் தமிழில் ஆக்கிவிடுகிறார். எல்லாரும் கௌரவமாகப் பேசுகிறார்கள்.

தெருப் பெயர்களையும் கவனிக்கலாம். 'கெர்க் ஸ்ட்ராட்' என்றே எழுதுகிறார். மாதாகோவில் தெரு என்று மாற்றினால் மதுரைக்காரனுக்குச் சட்டென்று புரிந்திருக்கும். அங்கே வாழ்கிறவன் தெருப் பெயரை மொழிபெயர்த்துக்கொண்டு நடப்பதில்லை. நாமும் டவுன்ஹால் ரோட்டில் நடக்கும்போது 'நகர மண்டபம்' என்று நினைப்பதில்லை. சுற்றுலா போனவர் எழுதுகிற வெளிநாட்டுக்கும் குடியிருந்தவர் எழுதுகிற வெளிநாட்டுக்கும் வித்தியாசம் இந்த மாதிரி இடத்தில்தான் தெரிகிறது. போனவர் விளக்குவார். இருந்தவருக்கு விளக்கத் தோன்றாது.

நஷ்டமும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். எல்லாரும் எழுத்துத் தமிழில் தெளிவாகப் பேசிக்கொள்வதால் நாவலில் தப்பாகப் புரிந்துகொள்ளுதல் என்பதே அபூர்வம். சொல்லுக்குத் தடுமாறுவது, கேட்டது புரியாமல் தலையாட்டிவிட்டு அப்புறம் மாட்டிக்கொள்வது, ஒரு சின்னச் சொல்லுக்காக ஒரு குழந்தையிடம் போய் நிற்பது, இதெல்லாம் இல்லை. இன்றைக்கு மதுரையில் எந்த ஓட்டலுக்குப் போனாலும் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையன் இலை போடுகிறான். முதலில் 'அண்ணே' வருகிறது, அப்புறம் 'சாம்பாரா சட்னியாண்ணே', அப்புறம் தொகை. அதற்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் ஒரு நீண்ட மௌனம் இருக்கிறது. அடுப்படியில் தன் ஊர்ப் பையன்களோடு மட்டும் அவன் பேசுகிற காலம். அந்த மௌனத்தைத் தமிழில் எழுதியிருக்கக்கூடிய ஆட்களில் சிங்காரமும் ஒருவர். எழுதவில்லை. பாண்டியனை நாயகனாக்க வேண்டும் என்ற ஆசை அதற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். திக்குகிற பாண்டியனை அவரால் கற்பனை பண்ண முடிந்திருக்காது. பாண்டியனின் எதையும் சாதிக்கிற சாமர்த்தியம் சில இடங்களில் சினிமாத்தனமாகிப் போவதற்கும் வேர் இங்கேதான்.

இனி அந்தத் தமிழ்ப் பேச்சு. பினாங்கில், நான்யாங் ஓட்டலில், பாண்டியனும் மாணிக்கமும் குடித்துக்கொண்டே சங்க காலத்தையும் மூவேந்தரையும் இழுத்து வைத்துப் பேசுகிற பகுதியைச் சொல்கிறேன். பகடி என்று எல்லாரும் சொல்கிறார்கள். பகடிதான். ஆனால் யாருடைய பகடி, எந்த இடத்தில்? இந்த மனிதர்கள் பகல் முழுக்க மலாய் பேசிப் பிழைத்தவர்கள். யுத்த காலத்தில் அதோடு ஜப்பானியக் கட்டளைகளும் சேர்ந்துகொண்டன. அவர்கள் கற்ற தமிழுக்கு, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணிய பாட்டுக்கும் பட்டினத்தாருக்கும் தாயுமானவருக்கும், அந்த ஊரில் பகலில் ஒரு வேலையும் இல்லை. கடன் கேட்க உதவாது, வழி கேட்க உதவாது, உயிர் தப்ப உதவாது. அப்படிச் சும்மா கிடக்கிற மொழி, ராத்திரி நாலு பேர் சேர்ந்து ஒரு போத்தலைத் திறந்ததும் மொத்தமாகக் கொட்டுகிறது. கொட்டும்போது அது பெருமையாகக் கொட்டுகிறது. சும்மா இருக்கிற மொழி வேறு எப்படி வெளியே வரும்? சிங்காரம் சிரிப்பது இதைப் பார்த்து. தமிழர்களின் வீண் பெருமை என்று பொதுவாக ஒரு கருத்தை அவர் வைக்கவில்லை. வேலை போன மொழி என்ன ஆகும் என்று கிட்ட இருந்து பார்த்து எழுதியிருக்கிறார். சிரிக்கும்போதே அவருக்கு அந்தப் பாட்டுகள் மேல் இருக்கிற ஆசையும் தெரிந்துவிடுகிறது. பகடி மட்டும் என்றால் இவ்வளவு பாட்டு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மதுரைத் தெருக்களை அவன் நினைத்துப் பார்க்கிற பகுதிகளும் இதே சும்மா கிடந்த கிடங்கிலிருந்து வருபவைதான். கடைகள், கூட்டம், சத்தம், பெண்கள், சாப்பாடு என்று அடுக்கடுக்காக, வினைச்சொல்கூட இல்லாமல் பெயராகவே போகும். அங்கே இருக்கிறவன் தெருவை இப்படி ஒப்பிக்க மாட்டான். வெளியூரில் தனியாகப் படுத்துக் கிடப்பவன்தான் ஒப்பிப்பான்.

ஒரு மறுப்பு எழும்: தமிழ்ப் பெருமை என்ன பினாங்கிலா பிறந்தது? 1901ல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை வைத்தது மதுரையில். மேடைகளும் மதுரையில். சிங்காரம் நாவலை எழுதிய 1962 வாக்கில் அந்தப் பேச்சு உச்சத்தில் இருந்தது, அவர் அதைத்தான் கிண்டல் பண்ணினார், மெடானும் பினாங்கும் ஒரு சாக்கு. இந்த வாதத்தில் பாதி உண்மை. சொற்கள் மதுரைச் சரக்கு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மதுரையில் அந்தச் சொற்களுக்கு வேலை இருந்தது. பாடப்புத்தகம் போட்டன, இந்தித் திணிப்பை எதிர்த்தன, ஓட்டு வாங்கின. அதே சரக்கை அப்படியே தூக்கி, அதை வைத்து ஒன்றுமே பண்ண முடியாத ஒரு இடத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்ததில்தான் அதன் எடை தெரிந்தது. மேடையில் நின்று கிண்டல் பண்ணியிருந்தால் அது எதிர்க்கட்சிப் பேச்சாகத்தான் இருந்திருக்கும்.

1946க்குப் பிறகு சிங்காரத்தின் வாழ்க்கை ரொம்பச் சுருக்கம். மெடானிலேயே கல்யாணம் ஆகி, பிரசவத்தில் மனைவியும் குழந்தையும் போய்விட்டார்கள். மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மதுரை தினத்தந்தியில் 1947 முதல் 1987 வரை வேலை. ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஒரு அறை, ஏறக்குறைய அம்பது வருஷம். 1997 டிசம்பரில் இறந்தார். இதை வைத்து, அவர் மதுரையிலும் அன்னியராகவே வாழ்ந்தார் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த வாக்கியம் பிடிப்பதில்லை. படிக்கத் தெரிந்த கடைசி ஆளுக்கும் புரிகிற தமிழ் என்று வைத்து நடந்த பத்திரிகையில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவர். அவர் தமிழுக்கு இப்போது நாள் முழுக்க வேலை. சும்மா கிடந்தது இன்னொரு மொழி. ஒய்.எம்.சி.ஏ. அறையில் மலாயில் யாரிடம் பேசுவது? 'புயலிலே ஒரு தோணி' அந்த அறைக்காரர் எழுதியது என்பதை மனதில் வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தைப் படித்தால், கெர்க் ஸ்ட்ராட்டும் மெடான் கடைகளும் அங்குள்ள சனங்களும் அடுக்கடுக்காக வருவது வேறு மாதிரி கேட்கும். பாண்டியன் மதுரையை ஒப்பித்த அதே தொனி.

எழுதி முடித்துப் பத்து வருஷம் கழித்து, 1972ல்தான் கலைஞன் பதிப்பகம் நாவலைப் போட்டது. அதே 1972ல்தான் இந்தோனேசியா எழுத்துமுறையை மாற்றிக்கொண்டது. டச்சுக் காலத்து எழுத்துக் கூட்டல் போய்விட்டது. சிங்காரம் பெயர்ப்பலகைகளில் பார்த்த பல சொற்களை அதே வடிவத்தில் இன்றைக்கு அகராதியில் தேடினால் கிடைக்காது. தமிழ் எழுத்தில் இருக்கும்போது இன்னும் சிக்கல், த-வும் ட-வும் எது எதற்கு என்று காதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். மெடானுக்கே போய் இப்போதைய தெருப் பெயர்களோடு ஒப்பிட்டு ஒரு சொல்லடைவு யாராவது செய்தால் நல்லது. செய்கிறவர் புத்தகத்தின் கடைசியில் போடட்டும். பக்கத்துக்கு அடியில் வேண்டாம்.